பூட்டைத் திறக்க இரண்டு நிமிடம், கூலி எதற்கு?

போன டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, ஒன்பதரை மணி இருக்கும். குப்பைப் பையை வெளியே வைக்க வந்தேன். பால்கனிப் பக்கமிருந்து அடித்த காற்றில் பின்னால் கதவு டப்பென்று சாத்திக்கொண்டது. சாவி உள்ளே. வீட்டில் எல்லாரும் ஊருக்குப் போயிருந்தார்கள். போன் கையில் இருந்தது, அது ஒன்றுதான் நல்ல காலம். அடுப்பில் பருப்பு சிம்மில் வெந்துகொண்டிருந்தது.

இணையத்தில் தேடி, முதலில் வந்த எண்ணுக்குப் போட்டேன். “விசிட்டிங் சார்ஜ் 250 ரூபாய்தான் சார், மத்ததை டெக்னீஷியன் வந்து பார்த்துட்டுச் சொல்லுவார்” என்றார் பேசிய பெண். இருபது நிமிடத்தில் ஒருவர் பைக்கில் வந்தார். பூட்டை ஒரு பார்வை பார்த்தார். “இது கம்ப்யூட்டர் சாவி சார். டிரில் போட்டுத்தான் எடுக்கணும். புது லாக்கோட 4500 ஆகும்.”

கதவிடுக்கு வழியாகப் பருப்பு தீயும் வாசனை வர ஆரம்பித்திருந்தது. சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் எங்கள் வாட்ச்மேன் அண்ணன், பஸ் ஸ்டாண்டு பக்கம் சாவி போடும் பெரியவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அவர் கேட்ட முதல் கேள்வி: “தம்பி, நீங்க பூட்டுனீங்களா, இல்ல கதவு தானா சாத்திக்கிச்சா?” தானாகத்தான் என்றேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, கதவு திறந்துவிட்டது. பூட்டில் ஒரு கீறல் இல்லை. 800 ரூபாய் கேட்டார்.

4500க்குத் தலையாட்டப் போன நான், இந்த 800க்குப் பேரம் பேசினேன். “ரெண்டு நிமிஷ வேலைதானே அய்யா, 500 வாங்கிக்கங்க.” அவர் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். முதலில் வந்தவருக்கு, ஒன்றுமே செய்யாததற்கு, 250 கொடுத்தேன்.

அந்தக் கணக்கு எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரே கதவு, ஒரே இரவு. ஒருவர் 4500 சொல்கிறார், இன்னொருவர் 800 சொல்கிறார். இந்த விலை எங்கிருந்து வருகிறது என்று கொஞ்ச நாள் தோண்டிப் பார்த்ததன் குறிப்புகள்தான் இவை.

பூட்டியதா, சாத்தியதா?

பெரியவர் கேட்ட கேள்விதான் விலையைத் தீர்மானிக்கும் முதல் விஷயம். நம் அடுக்குமாடி வீடுகளில் பரவலாக இருக்கும் நைட் லாட்ச் போன்ற பூட்டுகளில், கதவைச் சாத்தியதும் ஸ்பிரிங் வைத்த ஒரு நாக்கு தானாக வெளியே வந்து மாட்டிக்கொள்ளும். அந்த நாக்கின் ஒரு பக்கம் சரிவாக இருக்கும். கதவு சாத்தும்போது நாக்கு உள்ளே போய்வருவது அந்தச் சரிவினால்தான். அதே சரிவைப் பயன்படுத்தி நாக்கைப் பின்னுக்குத் தள்ளவும் பல நேரம் முடியும். அப்போது சாவித் துவாரத்தைத் தொடவே வேண்டாம். சாவி சாதாரணமானதா, கம்ப்யூட்டர் சாவியா என்பதற்கும் இந்த வேலைக்கும் சம்பந்தமே இல்லை. முதலில் வந்தவர் தவறவிட்டது, அல்லது சொல்லாமல் விட்டது, இதைத்தான்.

சாவியைத் திருப்பிப் பூட்டியிருந்தால் கதை வேறு. பல மாடல்களில் அப்போது நாக்கு பின்னால் போக முடியாதபடி இறுகிவிடும், அல்லது சரிவே இல்லாத கட்டைத் தாழ் ஒன்று வெளியே வரும். இனி பூட்டோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். ஆக, கதவு தானாகச் சாத்திக்கொண்டால் செலவு குறைவு, பூட்டிவிட்டுச் சாவியைத் தொலைத்தால் செலவு அதிகம். (இதிலேயே ஒரு பாதுகாப்புப் பாடமும் இருக்கிறது. வெளியூர் போகும்போது வெறுமனே சாத்திவிட்டுப் போகாமல், சாவியைத் திருப்பிப் பூட்டிவிட்டுப் போங்கள்.)

பூட்டு என்ன வகை?

நம் ஊரில் தொங்கும் பூட்டுகளில் ‘7 லீவர்’, ‘8 லீவர்’ என்று அச்சடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே அத்தனை தகடுகள், ஒவ்வொன்றையும் சாவி சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் திறக்கும். 2019ல் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல் பூட்டுகளும் லீவர் வேலைப்பாட்டுக்குப் பெயர் போனவை. பொறுமையாகத் திறப்பதற்கு இவை சுலபமான பூட்டுகள் இல்லை. ஆனால் அவசரத்துக்கு வளையத்தை அறுத்துவிடலாம். போவது பூட்டின் விலை மட்டும்தான், கதவுக்குச் சேதம் இல்லை.

கதவிலேயே பதித்த பூட்டுகளில் பெரும்பாலும் இருப்பது பின் டம்ளர் சிலிண்டர். லைனஸ் யேல் ஜூனியர் 1860களில் காப்புரிமை வாங்கிய அமைப்பு, இன்றும் அடிப்படை அதேதான். சாதாரண சிலிண்டரை அனுபவசாலிகள் சேதமில்லாமல் திறந்துவிடுவார்கள். சாவியின் பக்கவாட்டில் குழி குழியாக இருக்கும் வகையைத்தான் நம் சாவிக்காரர்கள் கம்ப்யூட்டர் சாவி என்கிறார்கள். கம்ப்யூட்டருக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை! ஆனால் திறக்க நேரமும் தனிக் கருவிகளும் தேவைப்படலாம், அதனால் பலர் நேராக டிரில்லுக்குப் போய்விடுகிறார்கள்.

பூட்டு வகை நேரத்தை எவ்வளவு மாற்றும் என்பதற்குச் சரித்திரத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 1851ல் லண்டனில் உலகப் பொருட்காட்சி நடந்தபோது, ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் அப்போது புகழ்பெற்றிருந்த சப் பூட்டை அரை மணி நேரத்துக்குள் திறந்து காட்டினார். அதே ஆள் பிராமா கம்பெனியின் சவால் பூட்டைத் திறக்க 16 நாட்களில் 51 மணி நேரம் எடுத்துக்கொண்டார். அவருக்குப் பரிசாகக் கிடைத்தது 200 கினி. நம் வீட்டு வாசலில் யாரும் 51 மணி நேரம் உட்காரப் போவதில்லை. கொஞ்ச நேரத்தில் திறக்கவில்லை என்றால் அடுத்த வழி டிரில்தான்.

பூட்டு பிழைக்குமா?

பில்லில் பெரிய தாவல் இந்த இடத்தில்தான். சேதமில்லாமல் திறந்தால் கூலி மட்டும். துளை போட்டால் கூலி, புது சிலிண்டர் அல்லது முழுப் பூட்டு, அதைப் பொருத்தும் கூலி என்று மூன்றும் சேரும். சில மாடல்களில் சிலிண்டரை மட்டும் மாற்றலாம். அது தெரியாமல் முழு செட்டையும் வாங்குபவர்கள் உண்டு. இரவு பத்து மணிக்குப் பூட்டுக் கடை திறந்திருக்காது என்பதால், அவர் பையில் இருக்கும் பூட்டை அவர் சொல்லும் விலைக்குத்தான் வாங்க வேண்டும்.

டிஜிட்டல் பூட்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பேட்டரி தீர்ந்து மாட்டிக்கொண்டால் உடனே ஆளைக் கூப்பிடாதீர்கள். பல மாடல்களில் வெளிப்பக்கம், பெரும்பாலும் அடியில், 9 வோல்ட் பேட்டரியைத் தொட்டு வைக்கும் இரண்டு புள்ளிகளோ, சார்ஜர் குத்தும் துளையோ இருக்கும். ஒரு பேட்டரி விலையில் வேலை முடிந்துவிடும்.

நேரம், தூரம், காத்திருப்பு

இரவு, ஞாயிறு, பண்டிகை நாள் என்றால் கூடுதல். இது புரிந்துகொள்ளக்கூடியது. அவர் தூக்கத்தை விட்டு, பெட்ரோல் போட்டு வருகிறார். இன்னொன்று நாம் யோசிப்பதே இல்லை: வேலை வராத நேரத்துக்கும் அவர் வண்டியும் கருவிகளும் தயாராக இருக்க வேண்டும். நாள் முழுக்க உட்கார்ந்து மூன்று அழைப்பு வந்தால், அந்த மூன்றில்தான் அன்றைய சாப்பாடு. நான் கொடுத்தது இரண்டு நிமிடத்துக்கான கூலி என்று நினைத்தது இந்த இடத்தில்தான் தப்பு.

நடுவில் யார்?

நாம் போன் செய்வது பல நேரம் பூட்டுத் திறப்பவருக்கே இல்லை. அழைப்பை வாங்கி, பக்கத்தில் இருக்கும் ஆளுக்குத் தள்ளிவிடும் இடைத்தரகருக்கு. அவர் கமிஷன் விலையில் ஏறும். மோசமான வடிவத்தில் இது வேறு மாதிரி நடக்கும்: போனில் சின்னத் தொகை சொல்லி ஆளை வரவழைத்துவிட்டு, வாசலில் பல மடங்கு கேட்பது. அமெரிக்காவில் இது பெரிய பிரச்சினை. 2016ல் நியூயார்க் டைம்ஸ் இதைப்பற்றி விரிவாக எழுதியது. 2017ல் கூகுள் ஆய்வாளர்களும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தினரும் சேர்ந்து, கூகுள் மேப்ஸில் பிடிபட்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட போலிப் பதிவுகளை அலசினார்கள். அவற்றில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு, பூட்டுத் திறப்பவர், பிளம்பர், எலெக்ட்ரீஷியன் போன்ற கூப்பிட்டால் வரும் தொழில்கள்.

ஏன் இந்தத் தொழில்கள்? மூன்று காரணம் தோன்றுகிறது. வாடிக்கையாளர் அவசரத்தில் இருக்கிறார். வாழ்நாளில் ஓரிரு தடவைதான் இந்த வேலைக்கு ஆள் தேடுகிறார், அதனால் நியாயவிலை தெரியாது. டிரில் உண்மையிலேயே தேவைதானா என்று சரிபார்க்கவும் அவருக்கு வழியில்லை. அடுப்பில் பருப்பு தீயும்போது 4500 எனக்கு நியாயமாகத் தெரிந்தது இப்படித்தான்.

வேகத்துக்குக் கிடைக்கும் தண்டனை

மீதி இருப்பது என் பேரம். டான் ஏரியலி என்ற நடத்தைப் பொருளியல் பேராசிரியர் ஒரு பூட்டுக்காரர் கதை சொல்வார். தொழிலுக்குப் புதிதாக இருந்தபோது அவர் பூட்டைத் திறக்க வெகுநேரம் எடுப்பார், சில நேரம் உடைத்தும் விடுவார். ஜனங்கள் அவர் படும் பாட்டைப் பார்த்துக் கேட்டதைக் கொடுத்து, மேலே டிப்ஸும் கொடுத்தார்கள். கை தேர்ந்து சட்டென்று திறக்க ஆரம்பித்ததும் டிப்ஸ் நின்றது, “இதுக்கா இவ்வளவு?” என்று சண்டை வந்தது. ரயன் புவெல், மைக்கேல் நார்ட்டன் இருவரும் 2011ல் வெளியிட்ட ஆய்வும் இதே பக்கம்தான் போகிறது. ஒரு இணையதளம் தேடுவதை நம் கண்ணுக்குக் காட்டினால், உடனே விடை தருவதைவிட அதை நாம் மதிக்கிறோம்.

மென்பொருள் வேலையில் இருபது வருடம் ஓட்டியவனுக்கு இது தெரியாதா என்ன? ராத்திரி சர்வர் படுத்துக்கொண்டால், ஒரே ஒரு வரியை மாற்றிச் சரிசெய்கிறோம். எந்த வரி என்று தெரிந்துகொள்ளத்தான் அத்தனை வருடம். அதை “அஞ்சு நிமிஷ வேலைதானே” என்று மேனேஜர் சொன்னால் எனக்குக் கோபம் வரும். அதே வார்த்தையைத்தான் நான் பெரியவரிடம் சொல்லியிருக்கிறேன்.

போனிலேயே கேட்க வேண்டியவை

வாசலில் நம் பேரம் பேசும் சக்தி பூஜ்யம். அது கொஞ்சமாவது இருப்பது ஆள் கிளம்புவதற்கு முன்னால்தான். அதனால் பூட்டை போட்டோ எடுத்து அனுப்புங்கள், தானாகச் சாத்தியதா பூட்டியதா என்று சொல்லுங்கள். பிறகு கேளுங்கள்: வரும் செலவு, திறக்கும் கூலி எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு? டிரில் போட வேண்டி வந்தால் எவ்வளவு? போடுவதற்கு முன் என்னைக் கேட்பீர்களா? “வந்து பார்த்துட்டுச் சொல்றேன்” என்பது மட்டுமே பதில் என்றால் அடுத்த ஆளைப் பாருங்கள். வந்தவர் ஒரு முயற்சியும் செய்யாமல் டிரில்லை எடுத்தால், வரும் செலவை மட்டும் கொடுத்து அனுப்பிவிடலாம். அது வீட்டுக்காரர் நீங்கள்தான் என்பதற்கு அடையாளம் கேட்பவரா? கோபப்படாதீர்கள், அவர் நல்ல ஆள்.

எல்லாவற்றையும்விட மலிவான வழி, நம்பிக்கையான பக்கத்து வீட்டில் ஒரு மாற்றுச் சாவி. அடுத்த வாரம் அதைப் போடத்தான் பெரியவரிடம் போனேன். இரண்டு சாவிக்கான கூலியோடு பாக்கி 300ஐயும் சேர்த்துக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்துவிட்டு, “இது எதுக்கு தம்பி?” என்றார். அன்னிக்குக் குறைச்சுட்டேன் அய்யா என்றேன். சாவியை ராவிக்கொண்டே சிரித்தார். “பருப்பு என்ன ஆச்சு?” என்று கேட்டார்.