எதிரணிக்கும் கார் வடிவமைத்தவர்



பொறியியல் வல்லுநர் ஒருவர் தம் சொந்த அணிக்காகப் பந்தயக் கார் ஒன்றை வடிவமைக்கிறார். அதே பந்தயத்தில் அவ்வணியை எதிர்த்து ஓடும் காரும் அவருடைய சிந்தையில் உதித்ததே என்றால் வியப்படைவீர்கள். அது முறையாகுமா என்றும் கேட்பீர்கள். மோட்டார்ப் பந்தய வரலாற்றில் இத்தகைய நிகழ்ச்சிகள் உண்டு. இங்கிலாந்து நாட்டினரான காலின் சாப்மனைச் சான்றாகக் கொண்டு இதனை விளக்க விரும்புகிறேன்.

சாப்மன் இலண்டனில் கட்டுமானப் பொறியியல் பயின்றவர். லோட்டஸ் என்னும் கார் நிறுவனத்தை 1952இல் நிறுவியவர். பாலங்களுக்குரிய அறிவைக் காருக்குப் பயன்படுத்தியது அவருடைய தனித்திறம். நான் கணிதம் கற்பித்தவன். ஆகையால் ஒரு சிறு சோதனையைக் கூறுகிறேன். நான்கு குச்சிகளின் முனைகளை நூலால் பிணைத்துச் சதுரமாக்குங்கள். ஒரு மூலையை அழுத்தினால் அது சாய்ந்துவிடும். மூன்று குச்சிகளை முக்கோணமாகப் பிணைத்தாலோ, குச்சி ஒடிந்தாலன்றி வடிவம் மாறாது. மெல்லிய எஃகுக் குழாய்களை இவ்வாறே முக்கோணங்களாக இணைத்தால், எடை குறைந்தும் உறுதி மிகுந்தும் இருக்கும் சட்டம் கிடைக்கும்.

டோனி வாண்டர்வெல் என்பவர் எஞ்சின்களுக்குரிய பேரிங்குகளைச் செய்து பொருளீட்டிய தொழிலதிபர். அவருடைய பந்தய அணியின் பெயர் வான்வால். அதன் 1956ஆம் ஆண்டுக் காருக்குரிய சட்டத்தைச் சாப்மன் வடிவமைத்துத் தந்தார். மேற்கூட்டை ஃபிராங்க் காஸ்டின் அமைத்தார். அப்போது லோட்டஸ் அணி ஃபார்முலா 1 பந்தயங்களில் இறங்கவில்லை. ஆகவே ஒப்புக்கொண்ட வேலையில் சாப்மனுக்கு மனத்தடை இருந்திருக்க நியாயமில்லை. 1958ஆம் ஆண்டு மொனாக்கோ பந்தயத்தில் லோட்டஸ் களமிறங்கியது. அன்று முதல் சாப்மனின் கார்கள் இரு வேறு அணிகளின் சார்பில் ஒன்றையொன்று எதிர்த்தன.

அவ்வாண்டு ஜூன் மாதம் பெல்ஜிய நாட்டின் ஸ்பா களத்தில் நடந்ததைக் கேளுங்கள். மொத்தம் 24 சுற்றுகள். வான்வாலை ஓட்டிய டோனி புரூக்ஸ் முதலில் வந்தார். ஆனால் அவருடைய கியர்ப் பெட்டி செயலிழக்கும் நிலையில் இருந்தது. இரண்டாவதாக வந்த ஃபெராரியின் எஞ்சின் இறுதிக் கட்டத்தில் பழுதுற்றது. மூன்றாவதாக வந்த மற்றொரு வான்வாலில் சக்கரத்தைத் தாங்கும் உறுப்பு முறிந்திருந்தது. நான்காவதாக, பழுதின்றி வந்தது கிளிஃப் அலிசனின் லோட்டஸ். இன்னும் ஒரு சுற்று இருந்திருந்தால் சிறிய லோட்டஸே வென்றிருக்கும் என்பர். ஆயினும் ஆண்டின் முடிவில், கார் அமைப்போருக்கென முதன்முதலாக ஏற்படுத்தப்பட்ட உலகப் பட்டம் வான்வாலுக்கே கிடைத்தது. லோட்டஸ் அவ்வாண்டில் ஒரு கிராண்ட் பிரீயிலும் வெல்லவில்லை. நல்ல சட்டத்துடன், ஆற்றல் மிகுந்த எஞ்சினும் பொருள்வளமும் தேர்ந்த ஓட்டுநர்களும் சேர்ந்தாலே வெற்றி கிட்டும் என்பதற்கு இதுவே சான்று.

பின்னர்ச் சாப்மன் தம் கார்களைப் பிற அணிகளுக்கும் விற்றார். 1960இல் ராப் வாக்கர் என்பவரின் தனியார் அணிக்காக லோட்டஸ் 18 காரை ஓட்டிய ஸ்டிர்லிங் மாஸ் மொனாக்கோவில் வென்றார். லோட்டஸ் காருக்கு அதுவே முதல் கிராண்ட் பிரீ வெற்றி. சாப்மனின் சொந்த அணியோ தன் முதல் வெற்றிக்கு 1961 அக்டோபர் வரை காத்திருந்தது.

புகழ் பரவும் வழியிலேயே குறையும் பரவும். மொனாக்கோ வெற்றிக்குச் சில வாரங்களுக்குப் பின், ஸ்பாவில் நடந்த பயிற்சி ஓட்டத்தில் மாஸின் லோட்டஸிலிருந்து பின்சக்கரம் கழன்றது. அவருடைய கால்கள் முறிந்தன. அதே நாளில் மைக் டெய்லர் ஓட்டிய வேறொரு லோட்டஸில் ஸ்டியரிங் தண்டு முறிந்து அவரும் படுகாயமுற்றார். எடையைக் குறைப்பதில் சாப்மன் காட்டிய வேகம் அந்நாளில் பலத்த கண்டனத்துக்கு உள்ளாயிற்று. தம் அணிக்கு மட்டும் கார் செய்பவரின் பிழை அவ்வணியோடு நிற்கும். பலருக்கும் வழங்குபவரின் பிழையோ, அவர் முகமறியாதவரின் உயிரையும் தீண்டும்.

அண்மைக் காலத்திலும் இதைப் போன்ற ஒன்று நிகழ்ந்தது. 2008இல் ரெட் புல், டோரோ ரோஸ்ஸோ என்னும் இரு அணிகளும், ஏட்ரியன் நியூவியின் தலைமையில் உருவான ஒரே அடிப்படை வடிவமைப்பைக் கையாண்டன. முன்னதில் ரெனால்ட் எஞ்சினும் பின்னதில் ஃபெராரி எஞ்சினும் இருந்தன. இளைய அணியான டோரோ ரோஸ்ஸோ இத்தாலியின் மோன்ஸாவில் வென்றது. மூத்த அணி தன் முதல் வெற்றியை 2009இல்தான் கண்டது. விதிகள் இறுகியதால், 2010 முதல் டோரோ ரோஸ்ஸோ தன் காரைத் தானே வடிவமைக்க வேண்டியதாயிற்று.

இனி, முறையாகுமா என்ற வினாவுக்கு வருவோம். ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டு, இருவருக்கும் தம் முழுத்திறனையும் அளித்தால் அதில் தவறில்லை என்பது என் கருத்து. தமக்கென நல்லதை ஒதுக்கிக்கொண்டு பிறருக்குக் குறையுள்ளதைத் தருவதே குற்றம். நாளை உங்களுள் சிலர் பாலமும் இயந்திரமும் வரைவீர்கள். அவற்றை யார் பயன்படுத்துவார் என்பது உங்கள் கையில் இராது. ஒவ்வோர் இணைப்பையும் மறுமுறை சரிபார்ப்பது உங்கள் கையில் உள்ளது. அதனை மறவாதீர்கள்.