மூன்று நாள்கள் நீடித்த காணொலி: தேர்தல் நேரத்தில் கோபமூட்டும் பதிவுகளை முன்னிறுத்தும் அல்காரிதம் எப்படி இயங்குகிறது?

பெங்களூரு: மக்களவைத் தேர்தல் நடைபெற்றுக்கொண்டிருந்த 2024 மே 4 அன்று, கர்நாடக பாஜகவின் எக்ஸ் பக்கத்தில் ஓர் அனிமேஷன் காணொலி வெளியானது. எஸ்சி, எஸ்டி, ஓபிசி என்று எழுதப்பட்ட முட்டைகள் இருக்கும் கூட்டில், முஸ்லிம் என்று எழுதப்பட்ட இன்னொரு முட்டை வைக்கப்படுகிறது. குஞ்சு பொரித்த பின் அதற்கு மட்டும் நிதி ஊட்டப்படுகிறது. அது மற்றக் குஞ்சுகளைக் கூட்டை விட்டு வெளியேற்றுகிறது. ராகுல் காந்தி, முதலமைச்சர் சித்தராமையா ஆகியோரின் சாயலில் அமைந்த உருவங்களும் காணொலியில் இடம்பெற்றிருந்தன.

காங்கிரஸ் கட்சி தேர்தல் ஆணையத்திடம் புகார் அளித்தது. பெங்களூருவில் வழக்குப் பதிவு செய்யப்பட்டது. கர்நாடகத் தலைமைத் தேர்தல் அதிகாரி, பெங்களூரு சைபர் குற்றப்பிரிவு மூலம் மே 5 அன்றே பதிவை நீக்குமாறு எக்ஸ் நிறுவனத்துக்கு அறிவுறுத்தினார். பதிவு நீக்கப்படாததால், மே 7 அன்று இந்தியத் தேர்தல் ஆணையமே நேரடியாகக் கடிதம் எழுதி, உடனடியாக நீக்க உத்தரவிட்டது. அன்றுதான் வட கர்நாடகத்தின் 14 தொகுதிகளில் வாக்குப்பதிவு நடந்துகொண்டிருந்தது.

காணொலியின் உள்ளடக்கம் பற்றி அப்போதே ஏராளமாகப் பேசப்பட்டது. அதைப் பின்தொடராத பயனர்களின் திரைக்கும் அது எப்படி வந்து சேர்ந்தது என்பதைப் பலரும் கேட்கவில்லை. காணொலியை உருவாக்கியது ஒரு கட்சி. அதை யாருக்குக் காட்டுவது என்று தீர்மானித்தது ஒரு கணினி நிரல்.

ஒரு பதிவுக்கு எத்தனை மதிப்பெண்?

சமூக ஊடகச் செயலியைத் திறந்ததும் தோன்றும் பதிவுகள் நேர வரிசையில் அடுக்கப்பட்டவை அல்ல. ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனியாக மதிப்பெண் இட்டு அடுக்கப்பட்டவை. இந்த மதிப்பெண் முறை பொதுவாக நிறுவனங்களின் வணிக ரகசியம். இதற்கு விதிவிலக்காக, ட்விட்டர் என்று அறியப்பட்டிருந்த எக்ஸ் நிறுவனம் 2023 மார்ச் 31 அன்று தனது பரிந்துரை நிரலின் பெரும்பகுதியைப் பொதுவெளியில் வெளியிட்டது. அதனால் இந்த ஒரு தளத்தின் உள்ளியக்கத்தை ஓரளவு துல்லியமாகவே விளக்க முடிகிறது.

நிறுவனம் அளித்த விளக்கத்தின்படி, கோடிக்கணக்கான பதிவுகளிலிருந்து ஒரு பயனருக்காகச் சுமார் 1,500 பதிவுகள் முதலில் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. இவற்றில் ஏறக்குறைய பாதி, அப்பயனர் பின்தொடராத கணக்குகளிலிருந்து வருபவை. அடுத்து, ஒவ்வொரு பதிவுக்கும் அப்பயனர் என்ன செய்யக்கூடும் என்று நிரல் கணிக்கிறது: விருப்பக்குறி இடுவாரா, மறுபகிர்வு செய்வாரா, பதில் எழுதுவாரா? இந்தச் சாத்தியங்கள் ஒவ்வொன்றும் ஓர் எடையால் பெருக்கப்பட்டுக் கூட்டப்படுகின்றன.

2023 ஏப்ரலில் வெளியான எடைகள் இவை: விருப்பக்குறிக்கு 0.5, மறுபகிர்வுக்கு 1, பதிலுக்கு 13.5. ஒருவர் எழுதிய பதிலைப் பதிவை இட்டவரே கவனித்து எதிர்வினையாற்றினால் 75. அதாவது, ஒரு பதிலுக்கு ஒரு விருப்பக்குறியைவிட 27 மடங்கு எடை. நிறுவனங்கள் இத்தகைய எடைகளை அவ்வப்போது மாற்றிவருவது வழக்கம் என்றாலும், எதற்கு முன்னுரிமை தரப்பட்டது என்பதை இந்த எண்கள் காட்டிவிடுகின்றன.

இதன் அரசியல் விளைவை ஊகிப்பது கடினமல்ல. வாக்குச்சாவடியின் அமைவிடத்தைத் தெரிவிக்கும் பதிவுக்கு யாரும் பதில் எழுதுவதில்லை. ஒரு சமூகத்தை இழிவுபடுத்தும் பதிவுக்கோ ஆதரவாளர்களும் எழுதுகிறார்கள், எதிர்ப்பாளர்களும் எழுதுகிறார்கள். 'இது வெட்கக்கேடு' என்று ஒருவர் இடும் பதில், அதே பதிவை மேலும் பலரிடம் கொண்டுசேர்க்கும் எரிபொருளாகிறது. நிரலுக்குக் கட்சி தெரியாது, மதம் தெரியாது. எழுந்த சத்தத்தை மட்டுமே அது எண்ணுகிறது. அதே பட்டியலில் 'விருப்பமில்லை' என்பது போன்ற எதிர்மறைக் குறிகளுக்கு மைனஸ் 74, புகார் அளிப்பதற்கு மைனஸ் 369 என்று எடை தரப்பட்டிருந்தது. சண்டைக்குச் செல்வதைவிட அந்தப் பொத்தானை அழுத்துவதே பதிவின் வீச்சைக் குறைக்கும் என்பது பயனர்களில் பலர் அறியாத செய்தி.

ஃபேஸ்புக் நிறுவனமும் இதே பாதையில் சென்றதுதான். 2017 முதல் கோபக்குறி உள்ளிட்ட உணர்ச்சிக்குறிகளுக்கு விருப்பக்குறியைவிட ஐந்து மடங்கு எடை தரப்பட்டிருந்ததும், 2020 செப்டம்பரில் கோபக்குறியின் எடை பூஜ்ஜியமாக்கப்பட்டதும் 2021இல் வெளியான நிறுவனத்தின் உள் ஆவணங்களால் தெரியவந்தன.

கூட்டுக் காணொலியின் பின்னணியில் உண்மையான கொள்கை விவாதம் ஒன்று இருந்தது. கர்நாடகத்தில் முஸ்லிம்களுக்கு 2பி பிரிவில் வழங்கப்பட்டுவந்த 4 சதவீத இடஒதுக்கீட்டை 2023 மார்ச்சில் பசவராஜ் பொம்மை அரசு நீக்கியது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. மத அடிப்படையில் இடஒதுக்கீடு கூடாது என்பது பாஜகவின் வாதம். சமூக, கல்விப் பின்தங்கிய நிலையின் அடிப்படையிலேயே அது தரப்பட்டது என்பது காங்கிரசின் வாதம். இரண்டையும் எடைபோட அரை மணி நேரமாவது வாசிக்க வேண்டும். அந்த வாசிப்புக்கு மதிப்பெண் முறையில் இடமில்லை.

தமிழர்களைத் தொட்ட ஒரு பேச்சு

அதே தேர்தலில் தமிழ் வாசகர்களை நேரடியாகப் பாதித்த நிகழ்வு பெங்களூருவின் நகரத்பேட்டையில் தொடங்கியது. அங்கு ஒரு கடைக்காரர் தாக்கப்பட்டதைக் கண்டித்து 2024 மார்ச் 19 அன்று நடந்த போராட்டத்தில் பங்கேற்ற மத்திய இணையமைச்சர் ஷோபா கரந்தலஜே, தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் அங்கே பயிற்சி பெற்று இங்கே குண்டு வைக்கிறார்கள் என்ற பொருளில் பேசினார். அவ்வாண்டு மார்ச் 1 அன்று புரூக்ஃபீல்டு ராமேஸ்வரம் கஃபேயில் நிகழ்ந்த குண்டுவெடிப்பையே அவர் சுட்டினார்.

சில விநாடிகள் கொண்ட அந்தத் துண்டுக் காணொலி சில மணி நேரத்தில் இரு மாநிலங்களிலும் பரவியது. தமிழ்நாடு முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கண்டனம் தெரிவித்தார். திமுக தேர்தல் ஆணையத்தை அணுகியது. அமைச்சர் முதலில் தமது கருத்தை நியாயப்படுத்தினாலும், பின்னர் தமிழ்ச் சகோதர, சகோதரிகளிடம் மன்னிப்புக் கோரி எக்ஸ் தளத்தில் பதிவிட்டார். நடவடிக்கை எடுக்குமாறு மறுநாள் கர்நாடகத் தலைமைத் தேர்தல் அதிகாரிக்கு ஆணையம் அறிவுறுத்தியது. இது தொடர்பாக மதுரையில் பதிவான வழக்கு, அவர் மன்னிப்புக் கேட்டதை ஏற்று 2024 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தால் ரத்து செய்யப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டியது மொழிவாரிப் பிளவு. அல்சூரில் வசிக்கும் தமிழ்க் குடும்பத்துக்கும், அடுத்த வீட்டில் வசிக்கும் கன்னடக் குடும்பத்துக்கும் ஒரே நிகழ்வு இரு வேறு செய்திகளாகச் சென்று சேர முடியும். ஒருவரின் திரையில் அது கடைக்காரர் மீதான தாக்குதல். மற்றவரின் திரையில் தமிழர் மீதான பழி. இரண்டுமே உண்மையில் நடந்தவைதான். ஆனால் ஒன்றைப் பார்த்தவருக்கு மற்றொன்றைக் காட்ட வேண்டிய தேவை நிரலுக்கு இல்லை.

ஏப்ரல் 12 அன்று தேசியப் புலனாய்வு முகமை மேற்கு வங்கத்தில் இரு முக்கியச் சந்தேக நபர்களைக் கைது செய்தது. இருவரும் கர்நாடகத்தின் ஷிவமொக்கா மாவட்டம் தீர்த்தஹள்ளியைச் சேர்ந்தவர்கள். மார்ச் மாதக் காணொலியைப் பார்த்தவர்களுக்கே இந்தத் தகவலையும் தேடிப்பிடித்துக் காட்டும் ஏற்பாடு எந்தத் தளத்திலும் கிடையாது.

அல்காரிதம் மட்டுமா காரணம்?

பழி முழுவதையும் நிரலின் மீது போடுவதும் சரியாகாது. 2018 மே 12 அன்று நடந்த கர்நாடக சட்டப்பேரவைத் தேர்தல் 'வாட்ஸ்அப் தேர்தல்' என்றே வர்ணிக்கப்பட்டது. இரு பெரிய கட்சிகளும் ஆயிரக்கணக்கான வாட்ஸ்அப் குழுக்களை நடத்தின. வாட்ஸ்அப் உரையாடலில் பதிவுகளைத் தரவரிசைப்படுத்தும் நிரல் இல்லை. ஒருவர் அனுப்புவது அப்படியே மற்றவருக்குச் செல்கிறது. தேர்தல் முடிந்து 11 நாள்களில், பெங்களூரு சாம்ராஜ்பேட்டையில் ராஜஸ்தானைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், குழந்தைக் கடத்தல் வதந்தியால் தூண்டப்பட்ட கும்பலால் அடித்துக் கொல்லப்பட்டார். அந்த வதந்தி வாட்ஸ்அப்பில் பரவியதற்கு மனிதர்களின் விரல்களே போதுமானவையாக இருந்தன.

ஆய்வு முடிவுகளும் ஒரே திசையில் இல்லை. 2020 அமெரிக்கத் தேர்தலின்போது ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பயனர்கள் சிலருக்கு மூன்று மாதங்கள் நேர வரிசையில் பதிவுகள் காட்டப்பட்டன. அவர்கள் செயலியில் செலவிட்ட நேரம் குறைந்தது. அரசியல் பிளவு மனப்பான்மையில் குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படவில்லை என 2023 ஜூலையில் வெளியான முடிவுகள் கூறின. மாறாக, 2025 நவம்பரில் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வில், எக்ஸ் தளத்தில் எதிர்த்தரப்பின் மீதான வன்மப் பதிவுகளைப் பத்து நாள்கள் கீழே தள்ளியபோது, எதிர்க்கட்சியினர் மீதான மனப்பான்மை 100 புள்ளி அளவுகோலில் சுமார் 2 புள்ளிகள் மேம்பட்டது.

இவை அமெரிக்க அனுபவங்கள். இந்தியாவைப் பொறுத்தவரை, 2019 பிப்ரவரியில் ஃபேஸ்புக் ஆய்வாளர் ஒருவர் கேரளவாசி போன்ற சோதனைக் கணக்கைத் தொடங்கி, தளம் பரிந்துரைத்ததை மட்டும் பின்பற்றினார். மூன்று வாரங்களில் வெறுப்புப் பேச்சும் பொய்த் தகவலும் அக்கணக்கை நிரப்பின. இதையும் 2021 ஆவணங்களே வெளிக்கொணர்ந்தன.

சட்டம் எதைத் தொடுகிறது?

கட்டண அரசியல் விளம்பரங்களுக்குத் தேர்தல் ஆணையத்தின் ஊடகச் சான்றளிப்புக் குழுவின் முன் அனுமதி கட்டாயம். கட்சிகள் தங்கள் கணக்குகளில் இடும் சாதாரணப் பதிவுகளுக்கு அது தேவையில்லை என்று 2013ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. போலி உள்ளடக்கம் கவனத்துக்கு வந்த 3 மணி நேரத்துக்குள் கட்சிகள் அதை நீக்க வேண்டும் என்று ஆணையம் உத்தரவிட்டது 2024 மே 6 அன்று. கூட்டுக் காணொலி வெளியான இரண்டாம் நாள்.

பதிவை நீக்கக் கோரும் அரசின் அதிகாரம் குறித்த முக்கிய வழக்குகளும் பெங்களூருவில்தான் விசாரிக்கப்பட்டன. 2023 ஜூன் 30 அன்று ட்விட்டரின் மனுவை ரூ.50 லட்சம் செலவுத்தொகையுடன் தள்ளுபடி செய்த கர்நாடக உயர் நீதிமன்றம், 'சஹ்யோக்' இணையதளத்தை எதிர்த்த எக்ஸ் மனுவை 2025 செப்டம்பர் 24 அன்று நிராகரித்தது. இவ்வழக்குகள் அனைத்தும் நீக்கத்தைப் பற்றியவை. தரவரிசையை வெளிப்படுத்தவோ, அதைத் தவிர்க்கும் வாய்ப்பைப் பயனருக்கு அளிக்கவோ ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் பெருநிறுவனங்களைக் கட்டாயப்படுத்துகிறது. இந்தியாவில் அத்தகைய சட்டம் இல்லை. எனினும் எக்ஸ், இன்ஸ்டாகிராம் தளங்களில் பின்தொடரும் கணக்குகளை மட்டும் காட்டும் பக்கத்தைப் பயனர்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

பெங்களூரு மாநகராட்சிக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2015 ஆகஸ்டில். அப்போது ட்விட்டரில் பதிவுகள் நேர வரிசையில்தான் தோன்றின. இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் இல்லை. 2025 செப்டம்பரில் நகரம் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டது. அவற்றுக்கான முதல் தேர்தலை நடத்தும் பொறுப்பு இந்தியத் தேர்தல் ஆணையத்துடையது அல்ல. கர்நாடக மாநிலத் தேர்தல் ஆணையத்துடையது.