முதியவர் மீண்டும் பிறக்கக் கூடுமோ?



இரவு வேளையில் ஆண்டவரைத் தேடிவந்த நிக்கதேம், வயது முதிர்ந்த ஒருவர் மீண்டும் பிறப்பது எங்ஙனம் கூடும் என்று வினவினார் (யோவான் 3:4). முதியவரைக் குறிக்க அவ்விடத்தில் மூலமொழியாகிய கிரேக்கத்தில் வரும் சொல் 'கெரோன்' என்பதாகும். புதிய ஏற்பாட்டில் இச்சொல் இவ்வோர் இடத்தில் மட்டுமே காணப்படுகின்றது. இதே சொல்லை அடியாகக் கொண்டே, பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்து அறிஞர் எலி மெச்னிக்கோவ் 1903ஆம் ஆண்டில் ஓர் அறிவுத்துறைக்குப் பெயர் சூட்டினார். அதனை நாம் முதுமையியல் என்கின்றோம்.

உடல் தளர்வதும் நினைவு மங்குவதும் ஏன், தனிமை மனிதரை எவ்வாறு வாட்டுகின்றது, குடும்பமும் அரசும் செய்ய வேண்டியவை யாவை என்பனவற்றை மருத்துவம், உளவியல், சமூகவியல் முதலியவற்றின் துணையோடு ஆராய்வது இக்கல்வி. இதில் கலாநிதிப் பட்டம் வழங்கும் பல்கலைக்கழகங்கள் இன்று உலகில் பல உள்ளன. தமிழர் நடுவே இதற்கு நெருங்கிய துறையாகிய முதியோர் மருத்துவத்தில் முன்னோடியாக விளங்கியவர் மருத்துவர் வ.செ. நடராசன். 1978ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோருக்கெனத் தனிப்பிரிவு தோன்ற அவரே காரணமானார். 1996ஆம் ஆண்டில் அங்கு முதியோர் மருத்துவத்தில் எம்.டி. பட்டப்படிப்பும் தொடங்கியது.

ஆயினும், நம் வீட்டுப் பிள்ளையொருவர் முதுமையியலில் ஆய்வு செய்ய விரும்புவதாகக் கூறினால், நாம் மகிழ்வோமா? "கிழவர்களைப் பற்றிப் படிக்க என்ன இருக்கின்றது? வேலை கிடைக்குமா?" என்றுதானே முதலில் கேட்போம்!

திருநூல் தரும் பதில் வேறு. முதுமையில் தந்தைக்கு உதவுமாறும், அவரது அறிவாற்றல் குறைந்துபோயினும் பொறுமை காட்டுமாறும் சீராக்கின் ஞானம் பணிக்கின்றது (3:12-13). ஒரே கேள்வியைப் பத்துமுறை கேட்கும் தந்தையை நாம் பிடிவாதக்காரர் என்கின்றோம். உண்ட பின்னும் உணவு தரவில்லை என்று கூறும் தாயைப் பொய்யுரைப்பவர் என்கின்றோம். ஜேர்மனிய மருத்துவர் அலோயிஸ் அல்சைமர் 1906ஆம் ஆண்டில் விளக்கிய மறதிநோயைப் பற்றி அறிந்தவரோ, இது குணக்கேடன்று, மூளையைத் தாக்கும் நோய் என உணர்வார். அந்த உணர்வு பிறந்ததும் வீட்டில் ஏச்சு நின்று இரக்கம் தொடங்கும். பெற்றோரை மதித்து நடக்கும் கட்டளையை நிறைவேற்ற அறிவும் தேவை என்பது இதனால் விளங்குகின்றதன்றோ?

புத்தளம் வீதியில் பாலாவிச் சந்தியில் திரும்பியே, தலவில புனித அன்னம்மாளின் திருத்தலத்துக்கு யாத்திரிகர் பலர் செல்கின்றனர். இயேசுவின் பாட்டியென நாம் வணங்கும் அப்புனிதையிடம் செல்லும் வழியில், எத்தனை பாட்டிமாரைக் கடந்து செல்கின்றோம்! உப்பளத்து வெயிலில் உழைத்து ஓய்ந்தவர்கள். கற்பிட்டிக் கரையில் வலை இழுத்துக் கை சோர்ந்தவர்கள். பிள்ளைகள் கடல் கடந்து செல்ல, தொலைபேசி மணிக்காகக் காத்திருப்பவர்கள். 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, இம்மாவட்டத்தில் தஞ்சமடைந்த முஸ்லிம் சகோதரருள் இங்கேயே முதுமையடைந்தோரும் பலர். பிறந்த ஊரை இழந்தவரின் முதுமை எத்தகையது? இதனை அவர்களது தாய்மொழியிலேயே கேட்டறிந்து ஆராய, நம் பிள்ளைகளைவிடத் தகுந்தவர் யார்?

இலங்கையில் 2012ஆம் ஆண்டின் கணக்கெடுப்பிலேயே 60 வயதைக் கடந்தோர் நூற்றுக்கு 12.4 பேராக இருந்தனர். முதியோர் உரிமைகளைப் பாதுகாக்க 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமும் உண்டு. சட்டம் பராமரிப்புப் பணத்தைப் பெற்றுத் தரலாம். அருகில் அமர்ந்து பேசும் மகனைப் பெற்றுத் தர அதனால் இயலாது.

ஆய்வாளருக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. கடவுளுக்குக் காணிக்கையாக்கிவிட்டோம் எனக் கூறிப் பெற்றோரைக் கைவிட்டவர்களை இயேசு கடிந்துகொண்டார் (மாற்கு 7:9-13). முதுமையைப் பற்றி நூல் எழுதும் மகன், தன் தாயை நலம் விசாரிக்க நேரமில்லை என்றால், அந்த நூலும் அத்தகைய காணிக்கையே. 1839ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டின் ஜான் ஜூகான், பார்வையற்ற ஒரு மூதாட்டியைத் தம் இல்லத்துக்கு அழைத்துவந்து தம் கட்டிலையே அளித்தார். பட்டம் ஏதும் பெறாத அவரிடமிருந்தே ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை பிறந்தது. 2009ஆம் ஆண்டில் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. கற்றவரின் அறிவும் இப்புனிதையின் அன்பும் ஒன்றுசேர வேண்டும் என்பதே நம் மன்றாட்டு.

ஆகவே பெற்றோரே, இக்கல்வியை நாடும் பிள்ளையைத் தடுக்காதீர்கள்; ஆசீர்வதித்து அனுப்புங்கள். பிள்ளைகளே, திருத்தந்தை பிரான்சிஸ் 2021ஆம் ஆண்டில் ஏற்படுத்திய தாத்தா பாட்டியர், முதியோர் உலக நாள் ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிறன்று வருகின்றது. அதுவரை காத்திராமல், இன்று மாலையே அம்மம்மாவின் அருகில் அமர்ந்து அவரது இளமைக்காலத்தைப் பற்றிக் கேளுங்கள். முன்பு கேட்ட கதையாயினும் இடைமறிக்காமல் கேளுங்கள்.

நிக்கதேமின் கேள்விக்கு ஆண்டவர், தண்ணீராலும் தூய ஆவியாலும் பிறப்பதைப் பற்றி விடையளித்தார். அப்பிறப்புக்கு அவர் வயதெல்லை எதையும் வகுக்கவில்லை. கடவுள் முடிந்துபோனதாகக் கருதாத ஒரு வாழ்வை, முடிந்துபோனதென்று ஒதுக்க நாம் யார்?

அன்பின் இறைவா, எங்கள் இல்லத்து முதியோரைப் புரிந்துகொள்ளும் அறிவையும், அவர்களைத் தாங்கிக்கொள்ளும் பொறுமையையும் எமக்குத் தந்தருளும். ஆமென்.