வீட்டுப் பழைய இரும்பை ஏற்றி அனுப்புறீங்களா? கூலி யார் கணக்கு, பொறுப்பு யார் தலையில்?

போனக்காட்டில் அப்பா அம்மா இருந்த வீட்டைக் காலி செய்யணும்னு வெச்சுக்கோங்க. உங்களுக்கு வேலை டெக்னோபார்க்கிலோ சென்னையிலோ. வீட்டில் துருப்பிடித்த கட்டில், பீரோ, தண்ணீர் மோட்டார், ஓடாத ஃப்ரிட்ஜ், கொஞ்சம் கூரைத் தகரம். ஆக்ரிக்கடைக்காரருக்குப் போன் போட்டா, "சும்மா எடுத்துட்டுப் போயிடறோம் சார்" என்கிறார். நம்ம ஊர் காயலான் கடையைத்தான் கேரளத்தில் ஆக்ரிக்கடைன்னு சொல்றாங்க.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த 'சும்மா'வுக்குள் மூன்று கணக்கு ஒளிஞ்சிருக்கு: இரும்பின் விலை, ஏற்றுகூலி, வண்டி வாடகை. மூன்றையும் தனித்தனியா எழுதி வாங்கினாத்தான் பணமும் சரியா வரும், ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு என்பதும் தெரியும்.

கட்டணத்தை எப்படிக் கணக்கிடணும்?

திருவனந்தபுரத்திலிருந்து விதுரா வழியாகச் சுமார் 60 கிலோமீட்டர், கடைசிப் பகுதி வனத்துறைச் சோதனைச் சாவடியைத் தாண்டிய குறுகலான மலைப்பாதை. நகரத்தில் நாலு தெரு தள்ளி இருக்கும் வீட்டுக்குப் போடுற கணக்கு இங்கே செல்லாது.

ஓர் உதாரணம் (எண்கள் கணக்குக்காக மட்டும், சந்தை விலை தினமும் மாறும்). மொத்தம் 180 கிலோ, கிலோவுக்கு 25 ரூபாய்னா 4,500 ரூபாய். 'குட்டியானை' வண்டிக்கு 3,000, ஏற்ற ரெண்டு பேருக்கு 1,800, ஆக 4,800. அதாவது கையிலிருந்து நீங்கதான் 300 ரூபாய் கொடுக்கணும்.

அதே 180 கிலோவில் 4 கிலோ செம்பு (மோட்டார் சுருள், ஒயர்) இருந்து, அதைப் பிரித்து கிலோ 600 ரூபாய்க்குக் கொடுத்தீங்கன்னா? இரும்பு 176 கிலோவுக்கு 4,400, செம்புக்கு 2,400, மொத்தம் 6,800. செலவு போக 2,000 ரூபாய் உங்களுக்கு வரும். "எல்லாம் ஒரே ரேட்டு" என்று சொல்பவர் இந்த 2,300 ரூபாயைத்தான் தன் பக்கம் தள்ளிக்கிறார். செம்புக்காக ஒயரை நீங்களே எரிக்காதீங்க. புகை நச்சு, விலையும் குறையும்.

தராசையும் பாருங்க. வியாபாரத்துக்குப் பயன்படுத்தும் மின்னணுத் தராசை ஆண்டுக்கு ஒருமுறை எடையளவுத் துறை சரிபார்த்து முத்திரையிடணும். அந்த முத்திரையில் தேதி இருக்கும்.

ஏற்றுகூலியை யார் நிர்ணயிக்கிறார்கள்?

கேரளத்துக்கே உரிய கேள்வி இது. கேரள சுமைத் தொழிலாளர் சட்டம் 1978-இல் வந்தது. தொழிலாளருக்குப் பதிவு, நியாயக் கூலி, நல நிதி எல்லாம் அதன் வழியாகத்தான் கிடைச்சுது. அதே நேரம், ஒரு தனிநபர் தன் வீட்டுத் தேவைக்கு அமர்த்தும் ஆளை 'சுமைத் தொழிலாளி' என்ற வரையறையிலிருந்து அந்தச் சட்டமே விலக்கி வைக்கிறது. உங்க வீட்டுச் சாமானை நீங்களோ நீங்க கூப்பிடும் ஆளோ ஏற்றலாம். வியாபாரியின் கிடங்கில் இறக்குவது அவருடைய தொழில் கணக்கு. அந்தக் கூலி உங்க பில்லில் வரக்கூடாது.

வேலை செய்யாமல், பார்த்துக்கொண்டு நின்றதற்கே கேட்கும் 'நோக்குகூலி'யை மாநில அரசு 2018 மே 1 முதல் தடை செய்தது. அதோடு முடிஞ்சிடலை. 2021 செப்டம்பரில் தும்பாவில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்துக்குக் கருவி ஏற்றிவந்த லாரியை மறித்து 10 லட்சம் ரூபாய் கேட்டதாகப் புகார் எழுந்து, உயர் நீதிமன்றம் வரை பேசப்பட்டது. யாராவது கேட்டா வாக்குவாதம் வேண்டாம். காவல் நிலையத்திலும் தொழிலாளர் துறையிலும் எழுத்தில் புகார் கொடுங்க.

அந்த இரும்பு முதலில் உங்களுடையதா?

இதுதான் பலரும் தவறவிடும் இடம். தனக்குச் சொந்தமில்லாததை ஒருவர் விற்றால், வாங்கியவருக்கும் பொதுவாக உரிமை வராது. 1930 சரக்கு விற்பனைச் சட்டத்தின் அடிப்படை விதி அது.

போனக்காட்டில் இது வெறும் ஏட்டுக் கேள்வி இல்லை. லயங்களில் தலைமுறைகளாக இருப்பவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். தேயிலைத் தொழிற்சாலை மூடிக் கிடக்கிறது. 1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்திலிருந்தே வீடு கட்டிக் கொடுப்பது நிர்வாகத்தின் கடமை. அதனால் லயத்தின் கட்டடம், பழைய கூரை, குழாய் எல்லாம் தோட்டத்தின் சொத்தாகவே பார்க்கப்படும். நிர்வாகம் சம்பள பாக்கி வைத்திருக்கலாம், பணிக்கொடை தராமல் இருக்கலாம். அதற்காக ஆலையின் இயந்திரத்தையோ லயத்தின் தகரத்தையோ எடுத்து விற்க உரிமை வந்துடாது. பாக்கியை வசூலிக்கத் தொழிலாளர் துறை வழி தனியா இருக்கு. இரும்பை எடுத்தால் நியாயம் கேட்டு நிற்பவர் மேலேயே திருட்டு வழக்கு விழும்.

அப்பா தன் காசில் வாங்கிப் போட்ட தகரம் வேறு விஷயம். அதற்கு ரசீதைத் தேடி எடுத்து வையுங்க. ரசீது இல்லைன்னா தோட்ட அலுவலகத்தில் ஒரு கடிதம் வாங்கிக்கோங்க.

எந்த ஊரிலும் பொருந்தும் இன்னொரு உதாரணம், சமையல் எரிவாயு சிலிண்டர். நீங்க கட்டியது வைப்புத்தொகை மட்டும்தான். சிலிண்டர் எண்ணெய் நிறுவனத்துடையது. அதைப் பழைய இரும்புக்குப் போடக்கூடாது, ஏஜென்சியில் திருப்பிக் கொடுக்கணும்.

"எதற்கும் நாங்கள் பொறுப்பல்ல" என்று ரசீதில் எழுதினால் போதுமா?

போதாது. பீரோவை இறக்கும்போது பக்கத்து வீட்டுச் சுவர் இடிந்தால், அலட்சியத்துக்கு நஷ்டஈடு கேட்டு அந்த வீட்டுக்காரர் வழக்குப் போடலாம். உங்களுக்கும் வியாபாரிக்கும் நடுவில் இருக்கும் ஒரு வரி அவரைக் கட்டுப்படுத்தாது.

இழப்பு உங்களுக்கே வந்தால்? வண்டிக்கும் கூலிக்கும் தனியாகப் பணம் கொடுத்தீங்கன்னா நீங்க அந்தச் சேவையின் நுகர்வோர். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இலவச வேலை 'சேவை'யாகவே கணக்கில் வராது. 'சும்மா' என்ற சொல் சுமையா மாறுவது இங்கேதான். கட்டணம் எழுதிய பில் இருந்தால் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. ஒருதலைப்பட்சமான ஒப்பந்த வரிகளைச் செல்லாதென அறிவிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்கு உண்டு.

ஏற்றும் ஆளுக்கு அடிபட்டால்? வியாபாரி தன் தொழிலுக்காக அமர்த்திய ஆளுக்கு இழப்பீடு தருவது அவர் பொறுப்பு. "இழப்பீடு கேட்க மாட்டேன்" என்று அந்தத் தொழிலாளியிடம் எழுதி வாங்கினாலும் அது செல்லாது. 1923 சட்டத்திலிருந்தே இருக்கும் விதி இது. நீங்க தொழில்முறையில் ஆள் வைக்காத வீட்டுக்காரர் என்பதால் பொதுவாக இந்தப் பொறுப்பு உங்க மேல் வராது. ஆனா இதையே ஒரு ஸ்டார்ட்அப்பா ஆரம்பிக்க யோசிச்சா, விபத்துக் காப்பீட்டையும் கட்டணத்துக்குள் கணக்குப் போட்டே ஆகணும்.

வண்டி கிளம்பிய பிறகு?

வீட்டிலேயே எடை போட்டு, பணம் கொடுத்து, ஏற்றிட்டா பொருள் வியாபாரியுடையது. வழியில் காணாமல் போனால் நஷ்டமும் பொதுவாக அவருக்கே. "கிடங்கில் எடை போட்டுச் சொல்றேன்" என்றால் இரும்பு இன்னும் உங்களுடையதுன்னு அவர் வாதாட இடம் இருக்கு.

பேருந்து குறைவான ஊரில் இன்னொரு ஆசை வரும்: அதே வண்டியில் தொற்றிக்கொண்டு டவுனுக்கு இறங்கிடலாம்னு. சரக்கு வண்டியில் அதன் உரிமையாளரோ அவர் பிரதிநிதியோ கூடப் போனால் கட்டாயக் காப்பீடு பொருந்தும். விற்று முடித்த பிறகு நீங்க உரிமையாளர் இல்லை, ஓசிப் பயணி. அப்படி ஏறுபவருக்குக் கட்டாயக் காப்பீடு பொருந்தாதுன்னு 2004-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

விற்றதும் பொறுப்பு முடிந்ததா?

டெல்லி மாயாபுரியை நினைத்துப் பாருங்க. டெல்லி பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தாமல் கிடந்த கதிர்வீச்சுக் கருவி ஒன்று 2010 பிப்ரவரியில் ஏலத்தில் பழைய இரும்பாகப் போனது. உள்ளே கோபால்ட்-60 இருந்தது. அதைப் பிரித்த கடைகளில் பலர் கதிர்வீச்சால் பாதிக்கப்பட்டார்கள், ஏப்ரலில் ஒருவர் இறந்தார். ஏலம் முடிந்திருந்தும், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் விளக்கம் கேட்டது பல்கலைக்கழகத்திடம்தான்.

உங்க வீட்டில் கோபால்ட் இருக்காது. ஆனா ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸரில் வாயு இருக்கும், இன்வெர்ட்டர் பேட்டரியில் ஈயமும் அமிலமும் இருக்கும். 2022 விதிகளின்படி பேட்டரியை மற்ற குப்பையோடு கலக்காமல் தனியாகக் கொடுக்கணும். உள்ளே என்ன இருக்குன்னு ஏற்றுபவரிடம் முன்கூட்டியே சொல்லுங்க. அது அவர் கையைக் காப்பாற்றும், சொன்னது எழுத்தில் இருந்தால் உங்களையும் காப்பாற்றும்.

வண்டி வருவதற்கு முன் ஒரு தாளில் எழுத வேண்டியவை

• பொருள் பட்டியல், உலோக வாரியாக எடை, கிலோ விலை

• ஏற்றுகூலி, வண்டி வாடகை: தனித்தனி வரிகளில்

• எடை எங்கே, பணம் எப்போது, பொருள் எந்த நிமிடம் கைமாறுகிறது

• பேட்டரி, வாயு, கண்ணாடி உள்ளவை எவை

• ஏற்றும்போது சேதமானால் யார், எவ்வளவு வரை தருவது

• இருவர் கையெழுத்து, வண்டி எண், தேதி

'ஜிஎஸ்டி கழிவு' என்று உங்க தொகையில் பிடித்தால் காரணம் கேளுங்க. 2024 அக்டோபர் 10 முதல், பதிவில்லாத வியாபாரியிடம் உலோகக் கழிவு வாங்கும் பதிவு பெற்ற நிறுவனமே வரி கட்டணும். வீட்டுச் சாமானை விற்கும் நீங்க அந்த வியாபாரியும் இல்லை.

இதையெல்லாம் எழுதப் பத்து நிமிஷம் போதும். ஆக்ரிக்கடைக்காரர் மறுபடி "சும்மா எடுத்துட்டுப் போயிடறோம்" என்றால், "வேண்டாம், விலை போட்டே எடுங்க"ன்னு சொல்லுங்க.