பொரிக்கும் பொறியும் அடைக்கோழியும்

மாணாக்கர் எழுத்தில் அடிக்கடி தடுமாறும் சொற்களுள் பொரி, பொறி என்னும் இரண்டும் அடங்கும். இடையின ரகரம் பெற்ற பொரித்தல், முட்டையினின்றும் குஞ்சை வெளிப்படுத்தும் தொழில். வல்லின றகரம் பெற்ற பொறி, இயந்திரம். எழுத்தில் ஒன்றின் இடத்தில் மற்றொன்று வந்தால் பிழையென்று திருத்துகின்றோம். வாழ்க்கையிலோ பொறியே பொரிக்கும் தொழிலை மேற்கொண்டுவிட்டது. வெப்பமூட்டியும் விசிறியும் பூட்டிய சிறு பெட்டி ஒன்று இன்று பல வீடுகளில் அடைக்கோழியின் இடத்தைப் பெற்றிருக்கின்றது. அவ்விடத்தை அது முழுதும் நிரப்புமோ? ஆராய்ந்து காண்போம்.

பறவைகளின் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை என்னும் பெயர்களைத் தொல்காப்பிய மரபியல் வகுத்துரைக்கின்றது. குருவின் அருள் மாணாக்கனைச் சென்றடையும் முறைக்குச் சைவ நூலோர் மூன்று உவமைகள் காட்டுவர். பறவை தொட்டும், மீன் பார்த்தும், ஆமை நினைந்தும் தத்தம் முட்டையைப் பொரிக்கும் என்பது அவர் கூற்று. மீனும் ஆமையும் உவமையளவில் நிற்க. பறவை தொட்டுப் பொரிப்பது யாவருங் கண்டது. அத்தொடுதலுள் அடங்கியவை யாவை என்பதே நாம் அறியவேண்டுவது.

முதலாவது வெப்பம். அடைகிடக்கும் பேடு, தன் மார்பின் வெறுந்தோல் முட்டைகளின்மேற் படியும்படி கிடக்கின்றது. இரண்டாவது புரட்டுதல். அது அலகினால் முட்டைகளைப் பன்முறை புரட்டும். ஓரத்திற் கிடப்பதை நடுவுக்கும் நடுவிற் கிடப்பதை ஓரத்துக்கும் மாற்றும். புரட்டாவிடின் கரு உட்தோலில் ஒட்டிக் கெடும். மூன்றாவது காற்றும் ஈரமும். முட்டையோட்டில் கண்ணுக்குப் புலனாகாத துளைகள் பல்லாயிரம் உள. அவற்றின் வழியாக நீராவி வெளியேற, உயிர்க்காற்று உட்புகும். நாளுக்கு ஒருமுறை எழுந்து இரையுண்டு நீர் பருகிச் சிறிது நேரத்தில் மீளும் அப்பேடு, இவ்வாறு 21 நாள் கிடந்து குஞ்சு பொரிக்கின்றது. இவற்றுள் ஒன்றையேனும் அதற்குக் கற்பித்தார் எவருமில்லை.

நம் வீட்டுப் பெண்கள் கடகத்தில் மணல் பரப்பி, வைக்கோல் இட்டு, பத்துப் பன்னிரண்டு முட்டைகளை அடுக்கி, இருள் சார்ந்த ஒரு மூலையில் அடை வைப்பர். இடியோசையால் முட்டை கெடுமென அஞ்சி, இரும்புத் துண்டும் கரியும் உடன் வைப்பதும் உண்டு. இரும்பு இடியைத் தடுக்குமோ என வினவலாம், தடுக்காது. ஆயினும் கோழியைக் கலைக்காது தனியிடத்தில் அமைதியாக விடவேண்டும் என்னும் அறிவு அவர்பால் இருந்தது.

கோழியின்றிப் பொரிப்பித்தல் புதுமையன்று. எகிப்தியர் முட்டைகளை எருக்குவியலிற் புதைத்துப் பொரிப்பித்ததை அரிஸ்டோட்டில் குறித்துள்ளார். பின்னர் அந்நாட்டார் மண்செங்கலால் பெருஞ்சூளைகள் எழுப்பி, வைக்கோலும் சாணமும் எரித்து, ஆயிரக்கணக்கான முட்டைகளை ஒருங்கே பொரிப்பித்தனர். அவர்கையில் வெப்பமானி இல்லை. முட்டையைக் கண்ணிமைமேல் வைத்துச் சூட்டை உணர்ந்தனர். இம்முறையைத் தம் நாட்டிற் செய்துகாண முயன்ற பிரெஞ்சு அறிஞர் ரேயோமூர், 1749ஆம் ஆண்டில் இதுபற்றி ஒரு நூல் வெளியிட்டார். தம் பெயரால் வழங்கும் வெப்ப அளவுமுறையை வகுத்தவர் அவர். இமை உணர்ந்ததை எண்ணாக்கியதே பின்வந்த வளர்ச்சி என்னலாம்.

அவ்வெண்கள் எளியவை. விசிறியுள்ள பொறிக்கு 37.5 பாகை சென்டிகிரேட் வெப்பம் தக்கது. விசிறியில்லாப் பொறியில், முட்டையின் மேன்மட்டத்தில் அளக்க, ஏறக்குறைய ஒரு பாகை மிகுதியாக வேண்டும். முதல் 18 நாளும் காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 50 முதல் 55 வரையும், இறுதி மூன்று நாளும் 65 முதல் 70 வரையும் இருத்தல் நன்று. இட்டு ஏழு நாளுக்கு மேற்படாத முட்டைகளைத் தெரிந்து, கூர்முனை கீழாகக் குளிர்ந்த இடத்தில் வைத்திருத்தல் வேண்டும். ஒரு பக்கத்திற் பென்சிலாற் குறியிட்டு, நாளுக்கு மூன்று முறையேனும் புரட்டல் வேண்டும். ஏழாம் நாள் இருட்டறையில் விளக்கொளியிற் பிடித்துப் பார்த்தால், உயிருள்ள முட்டையில் செந்நரம்புகள் சிலந்திவலைபோற் படர்ந்திருக்கும். தெளிவாய்க் காண்பது கருக்கொள்ளாதது, அதனை நீக்கிவிடலாம். 18ஆம் நாள் புரட்டுதலை நிறுத்தல் வேண்டும்.

அதன்பின் வரும் மூன்று நாள்களே வளர்ப்பவனைச் சோதிக்கும் நாள்கள். குஞ்சு உட்தோலைக் கிழித்து, முட்டையின் அகன்ற முனையிலுள்ள காற்றறையில் முதன்மூச்சை வாங்குகின்றது. ஓட்டினுள் இருந்தே கீச்சிடுகின்றது. அடைக்கோழி மெல்லிய குரலில் மறுமொழி தருகின்றது. பொறியிடம் மறுமொழி இல்லை. பின் அலகின் நுனியிலுள்ள முட்டைப்பல்லால் ஓட்டைத் துளைக்கின்றது. துளை தோன்றியபின் வெளிவருவதற்கு ஒரு நாள்வரை செல்வதும் உண்டு. இரக்கத்தாற் சிலர் ஓட்டை உரித்து உதவ முற்படுவர். அது உதவியன்று. உட்தோலின் குருதிநாளங்கள் வற்றுமுன்னும், மஞ்சட்கரு வயிற்றினுள் முழுதும் அடங்குமுன்னும் இழுத்தெடுத்த குஞ்சு பிழைப்பதரிது. மூடியை அடிக்கடி திறப்பின் ஈரம் குன்றி, தோல் காய்ந்து குஞ்சை இறுக்கும். காத்திருக்கும் அறிவு கோழிக்கு இயல்பு. நாம் அதனைப் பயிலவேண்டும். வகுப்பறையில் ஒரு பொறி வைத்து மாணாக்கரை 21 நாள் குறிப்பெழுதச் செய்யும் ஆசிரியர், உயிரியலோடு பொறுமையையும் கற்பித்தவராவர்.

இனி இழப்பைப் பற்றியும் பேசுதல் முறை. அடைகிடக்கும் கோழி முட்டையிடுவதில்லை. அதுபற்றியே வணிகர் அடைக்கு வாராத கோழிகளைத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்து பெருக்கினர். வெள்ளை லெகோர்ன் இனம் முட்டை மிக இடும். அடை கிடப்பதோ அருமை. அத்தகைய இனம் பொறியின்றித் தன் குலத்தைத் தானே பெருக்கவியலாது. நம் முற்றத்து ஊர்க்கோழி அவ்வாறன்று. சில முட்டைகளே இட்டு அடைக்கு வந்துவிடுகின்றதெனச் சலித்து, அதனை நீரில் அமிழ்த்தி அடை தெளிவிக்கின்றோம். நாம் குறையென்று கருதும் அவ்வியல்பே அதன் தன்னுரிமை.

2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் தடைப்பட்ட நாள்கள் உண்டு. மின்பொறியை மாத்திரம் நம்பியிருந்தோர்க்கு அந்நாள்கள் உணர்த்தியதை விரித்துரைத்தல் வேண்டா. அடைக்கோழியின் மார்புச் சூட்டுக்கு மின்தடை ஏது?

ஆதலாற் பொறியை வெறுக்க வேண்டியதில்லை; கோழியைக் கைவிடவும் வேண்டியதில்லை. மிகுதியான முட்டைகளைப் பொறி பொரிக்கட்டும். பொறி தந்த குஞ்சுகளை, தன் குஞ்சுகள் பொரிக்கும் தறுவாயிலுள்ள அடைக்கோழியின் சிறகின்கீழ் இரவில் மெல்ல வைத்தால், அது பெரும்பாலும் தன்னுடையனவாகவே ஏற்கும். செட்டையில் அணைத்தலும், கிளறிக் காட்டலும், பருந்து கண்டு குரலெழுப்பலும் பொறிக்கு இயலா. கோழி மிதித்துக் குஞ்சு சாவதில்லை என்பது பழமொழி. பொறி வாங்கும் இல்லத்தார், நன்றாக அடைகிடக்கும் ஊர்க்கோழி ஒன்றையேனும் அதன் வழியோடு பேணி வைப்பாராக. பொறி பழுதுபடின் வேறொன்று வாங்கலாம். அடைகிடக்கும் இயல்பு ஓரினத்தில் அற்றுப்போயின், அதனைக் கடையில் வாங்க முடியுமோ?