மூன்றாவது வாக்கும் வீட்டுக்கான பணமும்

மலேசிய அரசமைப்புச் சட்டம் நிலத்தையும் ஊராட்சியையும் மாநிலத்திடம் ஒப்படைத்து, வீடமைப்பை இரு அரசுகளும் சட்டமியற்றத்தக்க பொதுப் பட்டியலில் வைத்து, வருமான வரி முதலான பெரிய வருவாய்களைக் கூட்டரசுக்கே உரியதாக்கியிருப்பதால், பினாங்கில் பொதுப் பணத்தில் மலிவு விலை அடுக்குமாடி ஒன்று எழும்ப நிலத்துக்கு மாநில அரசு இயங்கும் கொம்தாரையும் பணத்துக்குப் பெரும்பாலும் கூட்டரசு இயங்கும் புத்ராஜெயாவையும் எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. கட்டட வரைபடத்தை அங்கீகரித்து, கட்டடத்தின் ஆண்டு வாடகை மதிப்பைக் கொண்டு கணக்கிடப்படும் மதிப்பீட்டு வரியை வசூலிக்கும் மாநகர் மன்றமோ, அவ்வரியைச் செலுத்துவோரால் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை.

முன்பு நிலைமை இவ்வாறு இருக்கவில்லை. 1951 டிசம்பரில் மலாயாவிலேயே முதலாவதாக நகராண்மைத் தேர்தலை நடத்தியதும், 1957 ஜனவரி 1ஆம் நாள் மாநகர் தகுதி பெற்றதும் பினாங்கின் தலைநகர் ஜோர்ஜ்டவுனே. அதன் மன்றம் மின்சாரம், குடிநீர், பேருந்து ஆகியவற்றைத் தானே நடத்தியது. 1958இல் தொழிலாளர் கட்சியின் டி. எஸ். இராமநாதன் மேயரானார். இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965 மார்ச்சில் ஊராட்சித் தேர்தல்கள் நாடெங்கும் நிறுத்தப்பட்டன. செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையிலான அரச ஆணையம் அவற்றை மீட்கப் பரிந்துரைத்தும் அரசாங்கம் ஏற்காமல், 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தால் நியமன முறையை நிலைப்படுத்தியது. தமிழர் ஒருவர் மேயராக அமர்ந்த மன்றத்தின் தேர்தலை மீட்கச் சொன்ன அறிக்கையும் தமிழர் ஒருவரின் தலைமையில் உருவானது என்பதை இன்று நினைவுகூர்வோர் சிலரே.

இந்த இழப்பின் விலை வாடகைக் கட்டுப்பாட்டு நீக்கத்தின்போது தெளிவாகத் தெரிந்தது. 1948 ஜனவரி 31க்குள் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை 1966ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுக்குள் வைத்திருந்தமையால், கீழே கடையும் மேலே குடித்தனமுமான கடைவீடுகளில், பலகைத் தடுப்புகளால் அறை பிரித்துக்கொண்டு பல குடும்பங்கள் குறைந்த வாடகைக்கு வாழ்ந்தன; பழுதுபார்க்க உரிமையாளருக்கு ஊக்கமில்லாமல் போனதும் அதே காரணத்தால்தான். சட்டம் 1997இல் நாடாளுமன்றத்தில் நீக்கப்பட்டு, இடைக்காலச் சலுகை 1999 இறுதியில் முடிந்ததும் வாடகை பன்மடங்கு உயர, பழைய நகரின் குடியிருப்பாளர் பலர் வெளியேறினர். அவர்களுடைய தெருக்கள் 2008இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றபோது, அவற்றில் குடும்பங்கள் குறைந்து தங்கும் விடுதிகள் பெருகத் தொடங்கியிருந்தன. சட்டநீக்கத்துக்கு நியாயம் இருந்திருக்கலாம். ஆயினும் குடியிருப்போரின் வாக்கைப் பெற்று, அவர்களுக்குப் பதில்சொல்லக் கடமைப்பட்ட நகர உறுப்பினர் ஒருவரும் அப்போது இல்லை.

மலேசியாவைப் போலவே கூட்டாட்சி நாடான கனடாவில் சிக்கலின் முகம் வேறு. அங்கே நகர மன்றங்கள் தேர்ந்தெடுக்கப்படுபவை, எனினும் மாகாணச் சட்டத்துக்கு உட்பட்டவை. கூட்டரசு 2023இல் 400 கோடி டாலர் வீடமைப்பு விரைவு நிதியிலிருந்து நகரங்களுடன் நேரடியாக ஒப்பந்தம் செய்யத் தொடங்க, மாகாண ஒப்புதலின்றி அத்தகைய ஒப்பந்தம் கூடாதென ஆல்பர்ட்டா 2024இல் சட்டமியற்றியது. அதே மாகாணம், மாகாணங்களிடையே வருவாயைச் சமன்செய்யும் கூட்டரசின் கொள்கையை எதிர்த்து 2021இல் நடத்திய பொது வாக்கெடுப்பில் 61 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஆதரவைப் பெற்றும் அது ஒட்டாவாவிலுள்ள கூட்டரசைச் சட்டப்படி கட்டுப்படுத்தவில்லை. பேரம் பேசக் கையில் ஓர் எண் கிடைத்ததே பயன். மலேசிய அரசமைப்பு அத்தகைய வாக்கெடுப்புக்கு வழிவகுக்காததால், ஆணையங்களே மக்கள் கருத்தை எடுத்துரைக்கின்றன. அவற்றின் அறிக்கைகளை ஒதுக்கிவைப்பது எளிது.

நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் அளிக்கும் வாக்குகளுக்கு அப்பால் ‘மூன்றாவது வாக்கு’ எனப்பட்ட ஊராட்சி வாக்கை மீட்கப் பினாங்குச் சட்டமன்றம் 2012இல் தனிச் சட்டமே நிறைவேற்றியது. ஊராட்சி மாநிலப் பட்டியலில் இருப்பினும், மாநிலங்களிடையே சட்டச் சீர்மை கருதி நாடாளுமன்றம் அதில் சட்டமியற்ற அரசமைப்பின் 76(4) பிரிவு இடமளிக்கிறது. இதன் அடிப்படையில் 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் மாநிலத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே பினாங்குத் தீவு முழுவதற்கும் மாநகர் தகுதி வழங்கப்பட்டபோது, மேயரும் உறுப்பினர்களும் நியமனத்தின் வழியாகவே பதவியேற்றனர்.