நடுவில் நிற்பது யார்?

ஏழு குடும்பங்களை மாத வருமான வரிசையில் நிறுத்துங்கள். நான்காவதாக நிற்கும் குடும்பத்தின் வருமானமே ‘இடைநிலை வருமானம்’. ஏழாவது குடும்பம் திடீரென்று கோடீசுவரக் குடும்பமானாலும் இந்த எண் மாறாது; சராசரியோ எகிறிவிடும். இனங்களுக்கிடையே ஏற்றத்தாழ்வை அளக்க இடைநிலையைப் பயன்படுத்துவது இதனால்தான்.

மலேசியப் புள்ளிவிவரத் துறையின் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி, இந்தியக் குடும்பங்களின் இடைநிலை வருமானம் 6,627 வெள்ளி. நாடு முழுவதற்குமான இடைநிலை 6,338 வெள்ளி. அப்படியென்றால் நம்மவர்களுக்குக் குறையே இல்லையா?

அவசரப்படாதீர்கள், மாணவர்களே. இந்தியர்களில் பெரும்பாலோர் நகரவாசிகள். அவர்கள் அதிகமாக வாழும் மாநிலம் சிலாங்கூர். அங்கே எல்லா இனத்தாரையும் சேர்த்த இடைநிலை 9,983 வெள்ளி. பிரிக்பீல்ட்ஸ் இருக்கும் கோலாலம்பூரில் 10,234 வெள்ளி. நகரத்தில் சம்பளமும் கூடுதல், வீட்டு வாடகையும் கூடுதல். எனவே, கிள்ளானில் வாழும் இந்தியக் குடும்பங்களைக் கிள்ளானில் வாழும் மற்றக் குடும்பங்களோடு ஒப்பிடுவதே சரியான அளவை.

குடும்ப வருமானக் கணக்கில் பெண்களின் நிலையும் தெரியாது. 5,000 வெள்ளியை ஒருவர் சம்பாதித்தாலும் இருவர் சேர்ந்து சம்பாதித்தாலும் எண் ஒன்றுதான். ஆட்களைத் தனித்தனியே எண்ணினால் உண்மை வெளிப்படும்: 2022இல் உழைக்கும் வயதுப் பெண்கள் 100 பேரில் சுமார் 56 பேரே வேலையில் இருந்தார்கள் அல்லது வேலை தேடினார்கள், ஆண்களில் சுமார் 82 பேர். வீட்டில் சமைத்து, பிள்ளைகளையும் முதியவர்களையும் பராமரிக்கும் உழைப்போ எந்த வருமானக் கணக்கிலும் ஏறுவதில்லை.

ஆகவே, புள்ளிவிவரம் எதையாவது கண்டால் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: எதனோடு ஒப்பிட்டார்கள்? யாரை எண்ணாமல் விட்டார்கள்?